இருபத்தாறரை மணி நேர மழை

"ஐப்பசி 9, ஞாயிறு. காலை 9.10. மழை 74 மி.மீ." என்று என் நோட்டில் இருக்கிறது. 74-இன் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அன்று திருப்பதியில் 71.

திருப்பதி என்றால் அங்கே இருக்கும் என் மச்சான், மனைவியின் தம்பி. சித்தூரில் எங்கள் மாடியில் நான் வைத்த மழைமானியைப் பார்த்த பிறகுதான் அவனும் ஒன்று வாங்கினான். ஆனால் வீட்டில் மழை அளக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் மாதப் பட்டியலில் 'நம்பகமானது' என்ற குறிப்பு அவனுக்குத்தான் வரும். காரணம், அவனுடைய எட்டரை மணி; தினமும் காலையில் அந்த நேரம் பிசகாமல் அளந்துவிடுவான். எங்கள் மகளின் வளைகாப்புக்கு வந்தவன் பாதி இட்லியோடு பந்தியை விட்டு எழுந்து, வீட்டிலிருந்த மனைவியை வீடியோவில் கூப்பிட்டு மாடிக்கு ஏறச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முதன்முறையாக அவனை முந்தியிருந்தேன். குழுவில் வந்த வாழ்த்துகளை இரண்டாம் முறை படித்துக்கொண்டிருந்தபோது அவனே போன் செய்தான்.

"நேத்து எத்தினி மணிக்குப் பாத்தீங்க மாமா?"

சனிக்கிழமை குப்பம் ஊருக்குப் போக வேண்டியிருந்ததால் காலை 6.40-க்கே அளந்து கொட்டிவிட்டேன். நோட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. சொன்னேன்.

"சித்தூர்ல மட்டும் நாளுக்கு இருபத்தாறரை மணி நேரமா மாமா?"

குழுவில் அவன் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. எழுதியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். நானே அந்த எண்ணை நீக்கச் சொன்னேன்.

இனி தினமும் ஆறரை என்று முடிவு செய்தேன். அவனுடைய நேரம் மட்டும் வேண்டாம். மனைவி விடவில்லை.

"ஆறரைக்குப் பாத்தா உங்க கணக்கு வேற, அவன் கணக்கு வேற. அப்புறம் யார ஜெயிக்கறதுக்கு மாடி ஏறிக்கினு இருப்பீங்க?"

அரசு வானிலை நிலையங்களும் எட்டரைக்குத்தான் அளக்கின்றன என்பது எனக்குத் தெரியாததல்ல. போனில் 8.25-க்கு அலாரம் வைத்தேன். அதற்குப் பின் ஒரு நாளும் தவறவில்லை. அவனை முந்தவும் இல்லை.

ஞாயிறன்று எட்டு மணிக்கே மழை விட்டிருந்தது. ஆகவே சனிக்கிழமை 6.40-க்கும் எட்டரைக்கும் இடையே பெய்தது மூன்று மில்லிமீட்டருக்குக் குறைவென்றால், அன்று முந்தியது நான்தான். மனைவி வெறும் தூறல் என்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் நன்றாகவே பெய்தது என்கிறார். நான் குப்பம் பஸ்ஸில் இருந்தேன். இதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.