அறிக்கையில் எங்கள் பெட்டி

எங்கள் கம்பெனியில் நான்கு பேர். மீனவர்கள் வாழும் திரேஸ்புரத்துக்குப் பக்கத்தில் ஒரு மாடியை வாடகைக்கு எடுத்து, விண்வெளியில் சுற்றும் குப்பையைத் தொலைநோக்கியில் பார்ப்போம். எது எந்தப் பாதையில் வருகிறது என்று செயற்கைக்கோள் வைத்திருப்பவர்களுக்குத் தினமும் காலையில் அறிக்கை அனுப்புவோம். கீழே கிடக்கிற குப்பை போதாதா என்று என்னைக் கேட்காத சொந்தக்காரர் என் ஊர் விளாத்திகுளத்தில் இல்லை.

இந்த வேலைக்கு இவ்வளவு ஒத்துவராத ஊரும் இல்லை. துறைமுக விளக்குகளில் வானம் வெளுத்துக் கிடக்கும். உப்புக்காற்றுக்குப் பயந்து தொலைநோக்கியின் இரும்புத் தாங்கியை எண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் எங்கள் நால்வரில் கருவிகள் செய்கிறவள், ஊரை விட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவள் இல்லாமல் கம்பெனி இல்லை.

விசைப்படகு ஓட்டுகிறவரின் மகள் அவள். விண்வெளியில் கதிர்வீச்சு எவ்வளவு என்று அளக்கும் கருவியைப் பல வருடம் உட்கார்ந்து செய்தாள். அதை ஒரு சின்னச் செயற்கைக்கோளில் வைத்து அனுப்பினோம். எங்களுக்குள் அதன் பெயர் பெட்டி. சில மாதம் பெட்டி ஒழுங்காகத் தகவல் அனுப்பியது. ஒரு சூரியப் புயலின்போது அளவு விறுவிறுவென்று ஏறியதைத் திரையில் பார்த்து அவள் பூரித்துப் போனாள். அதற்கப்புறம் பெட்டியிடமிருந்து பேச்சு மூச்சே இல்லை.

அப்போது அவளுடைய இரண்டாவது கருவி தயாராக இருந்தது. வெளியூர்க் கம்பெனி ஒன்று தன் செயற்கைக்கோளில் அதற்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. முதல் கருவி ஒரு வருடமாவது மேலே உழைத்துக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை.

மாதா கோயிலில் அந்தி மணி அடிக்கும்போது எங்கள் வேலை ஆரம்பிக்கும். கீழே இருட்டிவிடும், மேலே சுற்றுகிறவற்றின் மீது இன்னும் வெயில் படும். பெட்டி பேசாமல் போன சில நாளில் ஓர் அந்தியில் அவள் சிலுவை போட்டுக்கொண்டு, மூடியைக் கழற்றி, பெட்டி வரும் பாதைக்குத் தொலைநோக்கியைத் திருப்பினாள். பெட்டி வந்தது. ஆனால் மின்னி மின்னி அணைந்தது. நிலையாக இருக்கும் செயற்கைக்கோள் அப்படி மின்னாது. கட்டுப்பாடு இல்லாமல் உருண்டுகொண்டிருந்தது.

"நாளைக்கு அறிக்கையில சேத்திருவோம்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பொறு. கொஞ்ச நாள் பாப்போம். திரும்ப உசுரு வந்தாலும் வரும். இப்பமே குப்பைன்னு எழுதுனா உன் ரெண்டாவது கருவிய அவன் ஏத்துவானா?"

"எங்கப்பா வலை அறுந்து கடலடியில மாட்டிக்கிட்டா, கரையில எல்லார்ட்டயும் எடத்தச் சொல்லிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரு. அடுத்தவன் வலை போயிரக் கூடாதுல்லா அண்ணாச்சி."

திரேஸ்புரத்தில் அது வழக்கம். வலை போன துக்கம் பிறகு. மீனை இறக்கும் முன்னால் இடத்தைச் சொல்லியாக வேண்டும். சொல்லாதவனோடு மறுநாள் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

"அது கடலு. இங்கன யாரு கேக்கப் போறா?" என்றேன்.

மறுநாள் காலை அறிக்கையில் பெட்டியின் பாதையை அவளே எழுதினாள். செயலிழந்தது, உரிமையாளர் நாங்கள் என்றும் சேர்த்தாள். அந்த வாரமே வெளியூர்க் கம்பெனி, இடம் இல்லை என்று சொல்லிவிட்டது.

அவள் செய்தது சரி என்று எனக்குத் தெரியும். இருந்தும் மனம் ஆறவில்லை. இப்போது அவள் ஓசூரில் ஆஸ்பத்திரிக் கருவிகள் செய்யும் இடத்தில் வேலை பார்க்கிறாள். ஊரை விட்டு வரமாட்டேன் என்றவள். இரண்டாவது கருவி எங்கள் பீரோவில் இருக்கிறது. உப்பு ஈரம் ஏறாமல் இருக்க அதனோடு வைத்திருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை நான்தான் மாற்றுகிறேன்.

போன மாதம் அவளுக்குப் போன் செய்தேன். ஊர்ச் சேதி, மழைச் சேதி எல்லாம் தீர்ந்தபின் அவளே கேட்டாள்.

"பெட்டி இன்னும் விழலையா?"

"இல்ல. கீழ எறங்கிட்டுத்தான் இருக்கு. இன்னும் சில வருசம் ஆகும்."

"எரிஞ்சு விழுந்தா மட்டும் சொல்லுங்க அண்ணாச்சி. அதுவரைக்கும் அதப் பத்திப் பேச்சு வேண்டாம்."

மேலே உள்ள குப்பை ஒவ்வொன்றாக எரிந்து தீர வேண்டும் என்று நினைப்பதுதான் எங்கள் தொழில். அந்தி மணி அடித்ததும் மூடியைக் கழற்றுகிறேன். பெட்டி மின்னிக்கொண்டு வருகிறது. இது மட்டும் மெதுவாக விழட்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். விழுந்த சேதியைச் சொல்லிவிட்டால், அப்புறம் அவளுக்குப் போன் செய்ய எனக்கு வேறு காரணம் இல்லை.