பக்கத்தில் இருப்பவர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு எங்கள் சொந்தத்தில் "இடம்பிடி" என்று பெயர். பஸ்ஸோ ரயிலோ கல்யாண மண்டபமோ, முதல் ஆளாக உள்ளே நுழைந்து இரண்டு இடம் பிடித்துவிடுவார். அக்காவுக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. ஜன்னல் வழியாகக் கைக்குட்டை போட்டிருக்கிறார், குடை போட்டிருக்கிறார், ஒருமுறை காலில் கிடந்த செருப்பையே கழற்றிப் போட்டிருக்கிறார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக். கம்ப்ரசரைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். அந்தத் தோளைக் கொடுத்து அவர் கூட்டத்துக்குள் நுழைந்தால் எனக்கு மானம் போகும். அக்கா மட்டும் அலட்டிக்கொள்ளாமல் கடைசியாக ஏறி, நேராக அவர் பக்கத்தில் போய் உட்காருவாள்.

கடையில் அத்தான் பழுது பார்ப்பார், அக்கா ஃபோன் எடுப்பாள். எடுத்துக் கேட்டுவிட்டு, "என்னங்க, கீழே தண்ணி ஒழுகுதாம்" என்று உள்ளே குரல் கொடுப்பாள். அவர் பெயரை அவள் வாயால் நான் கேட்டதே இல்லை. காலையில் எழுந்தது முதல் படுக்கிற வரை "என்னங்க"தான்.

அப்படிப்பட்டவளுக்கு மறதி வந்தது. முதலில் வாடிக்கையாளர்களின் விலாசம் மறந்தது. பிறகு அடுப்பை அணைக்க மறந்தது. ஒருநாள் பெற்ற மகனையே பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்று கேட்டாள். மகன் தேம்பித் தேம்பி அழுதான். அத்தான் அழவில்லை. "எல்லாரையும் மறந்தாலும் என்னை மறக்க மாட்டா" என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை தெரியும், பார்க்கவே பாவமாக இருக்கும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் கடையை மூடிவிட்டு, அவளுக்குச் சோறூட்டி, தலைவாரி, புடவை கட்டிவிட்டு மனிதர் தலைநிமிர்ந்து நடமாடிக்கொண்டிருந்தார்.

மறதி வைத்தியத்துக்குப் பெயர்பெற்ற டாக்டர் நான் இருக்கும் ஊரில் இருந்தார். அக்காவை ஒவ்வொரு முறையும் விமானத்தில் அழைத்து வருவார் அத்தான். இருப்பதிலேயே மலிவான விமானம். அதில் இருக்கைக்கு எண் கிடையாது, முதலில் ஏறுகிறவருக்கு முதல் இடம். அத்தானுக்குச் சொல்லவா வேண்டும். வாசலுக்கு அழைப்பு வருவதற்கு முன்பே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையின் தலையில் நிற்பார்.

டாக்டர் கேட்கிற கேள்விகளில், உங்கள் கணவர் பெயர் என்ன என்பதும் ஒன்று. அக்கா தலையைக் குனிந்து சிரிப்பாள். "அவ சொல்ல மாட்டா டாக்டர், வெட்கம்" என்பார் அத்தான். டாக்டரும் சிரிப்பார், நானும் சிரிப்பேன். அது வெட்கம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

இந்தச் சமயத்தில்தான் விமானக்காரர்கள் முறையை மாற்றினார்கள். இனி ஆளுக்கொரு எண். சேர்ந்து உட்கார வேண்டுமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும், கட்டாதவரைக் கம்ப்யூட்டர் கண்ட இடத்தில் தூக்கிப் போடும். புருஷன் பெண்டாட்டியைப் பிரித்து வைத்து, சேர்த்துவைக்கக் காசு கேட்கிற இந்த யோசனை எந்தப் புண்ணியவானுக்கு உதித்ததோ, அவன் நன்றாக இருக்கட்டும். அடுத்த முறை டிக்கெட் எடுக்கும்போது அத்தானின் ஃபோனிலும் அந்தக் கேள்வி வந்திருக்கிறது. சோம்பேறிகளுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தள்ளிவிட்டுவிட்டார். அவரைப் பொறுத்தவரை இடம் என்பது பிடிப்பது, வாங்குவது அல்ல.

வழக்கம்போல் முதலில் ஏறி, இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரம் அக்காவை உட்கார வைத்து, பக்கத்தில் தானும் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் அந்த இடங்களுக்கு உரியவர்கள் சீட்டை நீட்டிக்கொண்டு வந்து நின்றார்கள். பணிப்பெண் வந்து எண்ணைப் பார்த்தாள். அக்காவுக்கு நடுப்பகுதியில் ஓர் இருக்கை, அவருக்குக் கடைசி வரிசைக்குப் பக்கத்தில்.

அக்காவின் ஒருபுறம் கைக்குழந்தையோடு ஒரு பெண். மறுபுறம், நடைபாதை ஓரத்தில், வயதான ஒருவர். மாறி உட்காருங்கள் என்று அத்தான் அவரிடம் கெஞ்சியிருக்கிறார். அவர் சர்க்கரைக்காரர், அடிக்கடி எழுந்து போக வேண்டியவர், அதற்காகவே காசு கொடுத்து ஓர இருக்கை வாங்கியவர். அத்தானுக்குக் கிடைத்ததோ இரண்டு பேருக்கு நடுவில். முடியாது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டார். கதவைச் சாத்தியாகிவிட்டது, போய் உட்காருங்கள் என்று பணிப்பெண் அவசரப்படுத்தினாள். அத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பின்னால் போனார்.

விமானம் மேலே கிளம்பும்போது அக்கா பயந்து, "என்னங்க" என்று அந்தப் பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டாள். இதை விமான நிலைய வாசலில் அவர்தான் என் காதோடு சொல்லிவிட்டுப் போனார். சும்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவரும் "சொல்லுங்க" என்றிருக்கிறார். அதோடு அவளுக்கு நிம்மதி வந்துவிட்டது. அவர் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாவம் மனிதர், இறங்கும்வரை எழுந்து போகவே இல்லை.

பெல்ட்டைக் கழற்றலாம் என்றதும் அத்தான் அரக்கப்பரக்க வந்து பார்த்திருக்கிறார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் தன் இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டாராம்.

விமானம் நின்ற பிறகு, இறங்குகிற கூட்டத்துக்கு எதிராக அதே தோளைக் கொடுத்து முன்னால் வந்து, "வா, போலாம்" என்று கையை நீட்டினார். அக்கா கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"நீங்க யாருங்க? நான் எங்க வீட்டுக்காரர் கூட வந்திருக்கேன்."

பெரியவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அம்மா, இவர்தான் உங்க வீட்டுக்காரர் என்று எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள். வழியில் நின்றவர்கள் அத்தானை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அத்தான் நீட்டிய கையை இறக்கிக்கொண்டார்.

"நான் டிரைவர்ங்க. உங்க ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார்.

நான் வெளியே காத்திருந்தேன். யாரோ ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு அக்கா முன்னால் வர, அத்தான் இரண்டு பைகளையும் சுமந்துகொண்டு பின்னால் வந்தார். என்ன கூத்து இது என்று கேட்க வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்து அடங்கிப்போனேன். அக்கா என்னைப் பார்த்ததும், "வந்துட்டியாடி" என்றாள். என்னைத் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷப்பட முடியவில்லை. அத்தான் முன்னால் அது எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரியவர் மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, இதோ வந்துவிடுகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுக் கழிப்பறை பக்கம் ஓட்டமும் நடையுமாகப் போனார். திரும்பி வரவில்லை.

டாக்சியில் நானும் அக்காவும் பின்னால் உட்கார்ந்தோம். எனக்கு அந்தப்பக்கம் இன்னும் ஓர் ஆள் உட்கார இடம் இருந்தது. உட்காருங்கள் அத்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, தானாகவே முன்கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பியது. அக்கா முன்னால் இருந்த இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒரு வண்டிக்கு எதுக்குடி ரெண்டு டிரைவர்?"

அத்தான் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒருத்தனுக்கு வழி தெரியாதும்மா" என்றார்.