எட்டுக் கிலோ

அஞ்சலகத்தின் பார்சல் கவுன்டரில் முப்பத்தொரு வருஷம் உட்கார்ந்தவளுக்குத் தராசு என்று பெயர் வைக்காமல் வேறென்ன வைப்பார்கள்? பெட்டியைக் கையில் வாங்கும்போதே சொல்லிவிடுவாள், "ரெண்டே முக்கால் கிலோ." பிறகு எடை போடுவாள். நாற்பது, ஐம்பது கிராம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். வரிசையில் நிற்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவள் எதுவுமே நடக்காத மாதிரி பழுப்பு டேப்பை இழுத்துக் கிழித்து ஒட்டுவாள். உள்ளுக்குள் பெருமைதான், இல்லாமலா?

அந்தப் பெயரை வைத்தவள் ஹாரன். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அவள் பேச ஆரம்பித்தால் தெருவே ஒதுங்கி வழிவிடும். இன்னொருத்தி ஊசி, மருத்துவமனை நர்ஸ். நாலாவது ஆள் காத்தாடி. வங்கியில் நல்ல வேலையில் இருந்தவள், முப்பத்தைந்து வயதில் அதை உதறிவிட்டு ஊருக்கு வெளியே இருந்த விமான கிளப்பில் சேர்ந்து, சின்ன விமானம் ஓட்டக் கற்று, கடைசியில் அங்கேயே மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவளாக ஆனாள். நாலு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு.

வருஷத்துக்கு ஒரு முறை, பத்து நாள், புருஷன் பிள்ளைகளிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நாலு பேரும் கிளம்பிவிடுவார்கள். ஒரு வருஷம் ஹாரனின் வேனில், கதவைக் கயிற்றால் கட்டிக்கொண்டு போய், பாறைக்கு வெடி வைக்கிற குவாரிக்குள் நுழைந்துவிட்டார்கள். சிவப்புக் கொடியோடு ஒருத்தர் கத்திக்கொண்டே ஓடிவந்தார். ஒரு வருஷம் படகு சேற்றில் சிக்கி அரை நாள் நின்றது. இன்னொரு வருஷம் ரயில் மாறி ஏறி, யாரும் கேள்விப்படாத ஓர் ஊரில் இறங்கி, ஊர் பிடித்துப்போனதால் மூன்று நாள் அங்கேயே தங்கிவிட்டார்கள். கேள்விப்படாதது மற்ற மூவருக்குத்தான். தராசுக்கு அந்த ஊரின் பின்கோடு தெரியும்.

அவளுக்கு எல்லா ஊரின் பின்கோடும் தெரியும். அதுதான் அவள் ஏக்கமே. காலையிலிருந்து மாலைவரை பெட்டிகள் ஊர் ஊராகப் போகின்றன, அனுப்புகிறவள் மட்டும் அதே நாற்காலியில். அந்தப் பத்து நாளில்தான், வாயில் வெறும் எண்ணாக இருந்த ஊர் ஒரு தெருவாக, ஒரு குழாயடியாக, மீதிச் சில்லறை தரும் ஒரு கடைக்காரர் முகமாக மாறும். திரும்பி வந்து அந்த எண்ணை எழுதும்போது பேனா கொஞ்சம் மெதுவாகப் போகும்.

அவர்களுக்கு நாற்பத்தேழு வயது நடந்தபோது காத்தாடி ஒரு யோசனை சொன்னாள். "கிளப் விமானம் ஒண்ணு கெடைக்கும். நாலு சீட்டு. கிழக்குக் கடற்கரையில கெளம்பி மேற்குக் கடற்கரையில எறங்குவோம். நாட்டுக்குக் குறுக்கால, மூணு நாள், அஞ்சு ஓட்டம். ஒரு தடவ ஏறி எறங்கினா ஒரு ஓட்டம். வர்றீங்களாடி?"

ஹாரன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முன் சீட்டில் யார் எப்போது உட்காருவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். கடைசி ஓட்டம், மலையைத் தாண்டியதும் கீழே கடல் வந்து நிற்குமாமே, அது தராசுக்கு விழுந்தது. அந்த மேற்குக் கரை ஊருக்குத்தான் அவள் தன் வாழ்நாளில் அதிகமான பெட்டிகளை அனுப்பியிருந்தாள். அன்றைக்கு ராத்திரி அவளுக்குத் தூக்கமே வரவில்லை என்று அவள் புருஷன் இன்றைக்கும் சொல்வார்.

"ஆனா ஒண்ணு," என்றாள் காத்தாடி. "சின்ன விமானம். ஆள், பை, எல்லாத்தோட எடையும் எனக்குச் சரியா வேணும். கூடிச்சுன்னா ஒருத்தர் நிக்க வேண்டியதுதான். தோழின்னெல்லாம் பாக்க மாட்டேன்."

எடை போடுகிற வேலை யாருக்கு? கேட்கவும் வேண்டுமா? ஒரு சனிக்கிழமை மதியம் கவுன்டரை மூடியபிறகு மூவரும் வந்து, மூட்டை எடை போடுகிற மேடையில் ஒவ்வொருத்தராக ஏறினார்கள். எண் விழும் கண்ணாடி தராசின் பக்கம் மட்டும்தான் திரும்பியிருந்தது. அவள் வாசித்தாள், காத்தாடி எழுதிக்கொண்டாள். பைகளும் ஆயிற்று. கடைசியில் அவளே ஏறி, கழுத்தை வளைத்துப் பார்த்தாள். எழுபத்தாறு.

"அறுபத்தெட்டு," என்றாள்.

இருபது வருஷத்தில் ஒரு கிராம்கூடக் கூட்டிக் குறைத்துச் சொல்லாத வாய். ஆனால் காத்தாடி சொன்ன "நிக்க வேண்டியதுதான்" காதிலேயே இருந்தது. நாலு பேரில் குண்டு அவள்தான் என்பது ஊரறிந்த விஷயம். பயணத்துக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறதே, எட்டுக் கிலோ என்ன, குறைத்துவிட்டால் போயிற்று என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். மூன்று மாதத்தில் குறைந்தது இரண்டே கிலோ. அதுவும் பல்வலி உபயத்தில்.

ஆனாலும் கிளம்பினார்கள். முதல் நாலு ஓட்டமும் எந்தக் குறையும் இல்லை. கிழக்குக் கடலை முதுகுக்குப் பின்னால் விட்டு, வயல்கள்மீது பறந்தார்கள். ஹாரனுக்கு வாந்தி வந்து, பாதி வழி பேசாமல் வந்தாள். அதை அதிசயம் என்று ஊசி கைக்கடிகாரம் பார்த்து நேரம் குறித்துவைத்தாள். ஓர் ஓட்டத்தில் ஓடுபாதையில் மாடுகள் நின்றன; காத்தாடி தாழப் பறந்து இரண்டு முறை விரட்டிய பிறகுதான் அவை மனசு வைத்தன. தராசு பின்சீட்டில் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தாள். கீழே ஊர்கள் வர வர மெல்ல எண்களைச் சொன்னாள், ஒன்றும் தப்பவில்லை.

மூன்றாம் நாள் நண்பகல், மேட்டுநிலத்தில் இருந்த ஒரு சின்ன ஓடுதளத்தில் இறங்கினார்கள். ஒரு கொட்டகை, ஒரு பெட்ரோல் பம்பு, அதைப் பார்த்துக்கொள்ள ஒருத்தர். மேற்கே மலை நீலமாகத் தெரிந்தது. அதற்கு அந்தப் பக்கம் கடல். ஒன்றரை மணி நேரம்தான். தராசு முன் சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். வாய் காதுவரை போயிருந்தது.

விமானம் ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. எழும்பவில்லை. பாதையின் முடிவில் புல் தெரிய ஆரம்பித்ததும் காத்தாடி என்ஜினைக் குறைத்து பிரேக்கை அழுத்தினாள். புல்லுக்குப் பத்தடி முன்னால் நின்றார்கள். காத்தாடி என்ஜினை அணைத்தாள்.

"சூட்டுல காத்து லேசாயிடும்," என்றாள். "உயரமான எடம் வேற. எடை..."

அவளை முடிக்க விடவில்லை தராசு. "தப்பு என்னுதுடி. நான் எடையைக் கொறச்சுச் சொன்னேன். எட்டுக் கிலோ." சொல்லிக்கொண்டே பெல்ட்டைக் கழற்றினாள்.

ஹாரன் முதல்முறையாகத் தானாகவே வாயை மூடிக்கொண்டாள். காத்தாடி எதையோ சொல்ல வந்த மாதிரி இருந்தது, சொல்லவில்லை. மலையில் மேகம் கூடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விட்டால் பிறகு இல்லை. தராசு தன் பையை எடுத்துக்கொண்டு இறங்கி, கொட்டகை நிழலில் போய் நின்றாள். இரண்டாவது முறை விமானம் லேசாக எழும்பியது. மலைக்கு மேலே ஒரு புள்ளியாகிற வரைக்கும் கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகுதான் அழுதாள். பெட்ரோல் பம்புக்காரர் பாவம், என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

பஸ்ஸில் மறுநாள் காலை போய்ச் சேர்ந்தாள். மூவரும் நிலையத்தில் காத்திருந்து கட்டிக்கொண்டார்கள். நாலு பேரும் கடலில் கால் நனைத்தார்கள். கடல் கடலாகத்தான் இருந்தது. கரையிலிருந்து யார்தான் கடலைப் பார்த்ததில்லை? அவளுக்கு வேண்டியிருந்தது மலை முடிகிற இடத்தில் அது வந்து நிற்பது. அன்றே மழை பிடித்துக்கொண்டு, நாள் கணக்கில் விடவில்லை. லீவு முடிந்துவிட்டதால் மூவரும் ரயிலில் திரும்பினார்கள்; காத்தாடி மட்டும் மழை விடும்வரை இருந்து விமானத்தைக் கொண்டுவந்தாள்.

"அடுத்த வருஷம் அந்த ஓட்டத்தை மறுபடி போவோம், முன் சீட்டு ஒனக்குத்தான்," என்று ஊசி சத்தியம் செய்தாள். அடுத்த வருஷம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது. தராசுதான் எதற்கும் வரவில்லை. கேட்டால், "நான் வந்தா பாரம்டி," என்று சிரித்து மழுப்புவாள். பிறகு காத்தாடியின் கண்ணில் நரம்பு கெட ஆரம்பித்து, பறக்கும் உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஹாரன் மகளோடு வெளிநாடு போனாள். பயணங்கள் நின்றன.

கதை மட்டும் நிற்கவில்லை. ஹாரன் ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடைசி ஓட்டத்தைச் சொல்வாள். மேகம் காலுக்குக் கீழே கிடந்தது என்பாள். மேகமே இல்லை என்பாள் ஊசி. கடல் பச்சை என்பாள் ஒருத்தி, வெள்ளி என்பாள் மற்றவள். தராசு இருவரையும் மாற்றி மாற்றிக் கேள்வி கேட்டு, தன் மனசுக்குள் அதைக் கட்டிக் கட்டிப் பார்ப்பாள். அந்தப் பேச்சு வந்தாலே காத்தாடி டீ போடுகிறேன் என்று எழுந்து போய்விடுவாள். பாவம், விமானம் ஓட்ட முடியாத துக்கம் என்று தராசு நினைத்துக்கொள்வாள்.

பதினொரு வருஷம் இப்படிப் போயிற்று. தராசு ஓய்வு பெற்றாள். காத்தாடிக்கு இப்போது எழுத்து தெரிவதில்லை, வெளிச்சமும் நிழலும்தான். செவ்வாய்தோறும் மதியம் தராசு அவள் வீட்டுக்குப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுவாள். போன மாதம் ஒரு செவ்வாயன்று காத்தாடி அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். பறந்த ஒவ்வொரு நாளையும் அவள் எழுதிவைத்த நோட்டு.

"நம்ம பயணத்தைப் படி," என்றாள்.

தராசு ஆசையாகப் படித்தாள். தேதி, புறப்பட்ட நேரம், காற்று, டேங்கில் பெட்ரோல். முதல் ஓட்டம், பாதி டேங்க், நூறு லிட்டர். இரண்டாவது, நூறு. மூன்றாவது, நூறு. நாலாவது, மாடுகள் என்று ஓரத்தில் ஒரு குறிப்பு, நூறு. ஐந்தாவது ஓட்டத்துக்கு வந்ததும் குரல் தடுக்கியது.

"முழு டேங்க். எரநூறு."

முப்பத்தொரு வருஷம் எடை பார்த்தவளுக்குப் பேப்பரும் பேனாவும் எதற்கு? பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நூறு லிட்டர் அதிகம் என்றால் எழுபது கிலோவுக்கு மேல். ஓர் ஆள். கிட்டத்தட்ட அவளேதான்.

"ஒன் எட்டுக் கிலோவுக்கெல்லாம் அது நிக்காதுடி," என்றாள் காத்தாடி. "நாலு ஓட்டமும் ஒன்னோடதான தூக்கிச்சு? அங்க பம்புக்காரர் 'நிரப்பவா'ன்னு கேட்டாரு. நான் ஹாரனோட சிரிச்சுப் பேசிக்கிட்டே 'நிரப்புங்க'ன்னுட்டேன். பாதி போதும்னு சொல்லணும், மறந்துட்டேன். நின்னதுமே புரிஞ்சிடுச்சு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள நீ எறங்கிட்ட."

"வடிச்சிருக்க முடியாதா?"

"முடியும். ஒரு மணி நேரம் போதும். நேரம் இருந்துச்சு. ஆனா எல்லாரையும் கொல்லப் பாத்தது நான்தான்னு உங்க முன்னாடி சொல்லணும். வாய் வரல. பெட்ரோலை எறக்கறதுக்குப் பதிலா ஒன்னை எறக்கிட்டேன்."

தராசு எழுந்து சமையலறைக்குப் போனாள். கழுவிக் கவிழ்த்திருந்த டம்ளரை எடுத்து மறுபடி கழுவினாள். திரும்பி வந்து நின்றாள்.

"பதினோரு வருஷமா சக்கரை போடாம டீ குடிக்கிறேன்டி பாவி," என்றாள். "கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வரமாட்டேன்னேன். என்னாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னு தெனம் நெனச்சேன்."

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியா?"

திட்டுவதற்குத் தராசிடம் இன்னும் நிறைய இருந்தது, தொண்டைவரை வந்தும் விட்டது. ஆனால் அதற்கும் முன்னால் நின்றது பழைய ஆசை. வெட்கமே இல்லாத ஆசை. மறுபடி உட்கார்ந்தாள்.

"சரி, நீ சொல்லு. நீ ஒருத்திதான் அதப்பத்திச் சொன்னதே இல்ல. கடல் எப்படி வந்துச்சு? பச்சையா, வெள்ளியா?"

"எனக்குத் தெரியாதுடி," என்றாள் காத்தாடி. "நான் கடலைச் சரியாவே பாக்கல. மலை முழுக்கக் கீழ ரோட்டத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். எங்கயாவது ஒன் பஸ் போகுதான்னு. ஒண்ணு தெரிஞ்சுது, செவப்பா. நீதான்னு நெனச்சு ரெக்கையை ஆட்டினேன்."

தராசின் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கு அவள் பஸ் ஜன்னலில் தலையை நீட்டி, இருட்டுகிறவரை வானத்தையே பார்த்துக்கொண்டு போனாள். கழுத்து வலி தீர ஒரு வாரம் ஆயிற்று.

"நீங்க எத்தனை மணிக்கு எறங்கினீங்க?" என்று கேட்டாள்.

"மூணரைக்கு."

"என் பஸ் நாலு மணிக்குத்தான்டி கெளம்புச்சு," என்றாள் தராசு.