வெல்லமும் ஆரஞ்சுத் தோலும்

லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி அவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று பேசிப் பேசியே நெருங்கிவிட்டோம். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஃபினாயில் ஊற்றித் துடைத்தால் போதும், அவளுக்கு இரண்டு நாள் மூச்சு இழுக்கும். அதைச் சொன்ன அன்று அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இனிமே கடையில வாங்காத. நான் செஞ்சு தரேன். ஆரஞ்சுத் தோல், எலுமிச்சைத் தோல், வெல்லம், தண்ணி. வேற ஒண்ணும் கிடையாது. மூணு மாசம் ஊறணும், அவ்வளவுதான்."

முதல் பாட்டில் பழுப்பு நிறத்தில் கலங்கலாக இருந்தது. புளித்த வாடை. நுரையே வரவில்லை. ஆனால் தரையில் பிசுக்குப் போனது. மகள் அதில் உருண்டு விளையாடினாள், இருமவில்லை. எனக்கு வேறென்ன வேண்டும்?

அதற்குப் பிறகு நான் அக்காவின் ஆளாகவே ஆகிவிட்டேன். நான் பாடம் நடத்தும் பள்ளியில் ஆசிரியைகள் அறை முழுக்க இதைப் பற்றித்தான் பேசுவேன். ஆறேழு பேர் வாங்க ஆரம்பித்தார்கள். பஸ் நிறுத்தத்துப் பக்கத்து ஜூஸ் கடையில் சொல்லிவைத்து, பிழிந்த தோல்களை வாங்கி, ஃப்ரிட்ஜில் அடைத்து, வாரக் கடைசியில் பை பையாக அக்கா வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பேன். மாடிக்கு மட்டும் விடமாட்டார். "ஊறுற எடத்துல ஆள் நடமாட்டம் ஆகாதும்மா" என்பார். நானும் நம்பினேன்.

ஒரு வருடம் போனதும் பாட்டில் தெளிவாக வரத் தொடங்கியது. எலுமிச்சை வாசம் வீட்டை நிறைத்தது. "இந்தத் தடவை ரொம்ப நல்லா இருக்குக்கா" என்று நானே சொன்னேன். பக்குவம் இப்போதுதான் பிடிபட்டது என்று சிரித்தார்.

அந்த மழைக்காலத்தில் மகளுக்கு மூச்சிரைப்பு திரும்பி வந்தது. டாக்டர் இன்ஹேலர் எழுதிக் கொடுத்து, வீட்டில் தூசி இல்லாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஒரு வேளை துடைப்பதை இருவேளை ஆக்கினேன். அவள் படுக்கிற அறையை மூன்று வேளை.

டிசம்பரில் அக்கா தன் மகளின் பிரசவத்துக்காகக் கோயம்புத்தூர் போனார். போய் நாலு நாள் ஆனபோதுதான் எனக்குத் தோன்றியது. ஊறுகிற தோலில் வாயு சேரும், மூடியைத் திறந்துவிடாவிட்டால் டிரம் வெடிக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளி விட்டதும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் கதவைத் திறந்தார்.

"மாடியில டிரம் மூடியெல்லாம் தொறந்து விடணும்ல, அண்ணா. நான் பாத்துட்டு வரேன்."

"எந்த டிரம்?" என்றார். நிஜமாகவே புரியாமல் கேட்டார். பிறகு, "சாவி மாட்டியிருக்கு, பாருங்க" என்றார்.

மாடியில் இரண்டு நீல டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே பல்லி முட்டை. மூலையில் நான் கொடுத்த பைகள், முடிச்சுகூட அவிழ்க்காமல். தோல்கள் கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தன. சுவரோரம் மூன்று பெரிய வெள்ளை கேன்கள். 'ஃபினாயில், எலுமிச்சை மணம், குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்' என்று ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு புனல், காலி பாட்டில்கள், இலைப் படம் போட்ட அக்காவின் லேபிள் சுருள். கேன் மூடியைத் திருகி மோந்தேன். என் வீட்டு வாசம்.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஃபினாயிலைவிடப் பெரிதாக வேறொன்று நினைவுக்கு வந்தது. மூச்சிரைப்பு அதிகமானபோது அக்காவிடம்தான் அழுதேன். "பூனை முடிதாம்மா காரணம். எங்கயாவது விட்டுடு" என்றார். மகள் குட்டியிலிருந்து வளர்த்த பூனை. அத்திபெலேயில் என் நாத்தனார் வீட்டில் கொண்டுபோய் விட்டோம். அக்காவும் கூட வந்தார். கூடையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். ஒரே வாரத்தில் பூனை அந்த வீட்டை விட்டு எங்கோ போய்விட்டது.

அவர் ஊரிலிருந்து திரும்பியதும் கேட்டேன். அக்கா மறுக்கவில்லை.

"முதல்ல நெஜமாத்தான் செஞ்சேன். நீ ஆள் ஆளா சேத்துவிட்ட. மூணு மாசம் யார் காத்திருப்பா? நுரை வரல, வாசம் வரலன்னு எல்லாரும் சொன்னாங்க. இத குடுத்ததும் நீயே நல்லா இருக்குன்னு சொன்னியே."

"எம் பொண்ணுக்கு ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"கொஞ்சமாத்தான் கலந்தேன்."

"பூனைய விடச் சொன்னீங்களே."

காப்பி போடட்டுமா என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

பள்ளியில் சொல்லியாக வேண்டியிருந்தது. நான்தானே வாங்க வைத்தேன். ஒருத்தி பாட்டிலை அப்படியே கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். கன்னட டீச்சர் மட்டும், "எனக்கு அப்பவே சந்தேகம் மேடம். வாசம் நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்" என்றார். அவர்மேல் கோபப்பட எனக்கு வழியில்லை. என் மூக்கும் அதையேதான் செய்தது.

இப்போது பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, வடிகட்டி, அந்தத் தண்ணீரில் துடைக்கிறேன். பிப்ரவரிக்குள் மகளுக்கு இன்ஹேலர் தேவைப்படுவது அபூர்வமாகிவிட்டது. பூனை காரணமா, ஃபினாயில் காரணமா, பருவம் மாறியது காரணமா என்று டாக்டரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அக்கா இன்னும் விற்கிறார். பூசையில் இரண்டு வரிசை தள்ளி உட்காருகிறார். நான் அவரைப் பார்ப்பதில்லை.

மகளிடம் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பூனையைப் பற்றி அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒரு நாள் தலை வாரிவிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"ஆன்ட்டி தெரிஞ்சேவா கூடைய மடியில வச்சுக்கிட்டு வந்தாங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். தலையை அசைக்காமல், நான் பின்னி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள்.