யுதெல்காவின் தென்னை

ஒனெலின் மகள் யுதெல்கா நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாலே எங்கள் கரும்புத் தோட்டக் குடியிருப்பு வரிசையில் கதவுகள் சாத்திக்கொள்ளும். யார் எப்போது ஹைட்டியிலிருந்து எல்லை தாண்டி இங்கே கரும்பு வெட்ட வந்தார்கள், யாரிடம் எந்த நாட்டுக் காகிதம் இருக்கிறது, யாரிடம் எதுவுமே இல்லை என்று கேட்டுக் கேட்டு எழுதுவாள். பள்ளிக்கூடத்துக்குக் கட்டுரையாம். கிழவன் திமோலேயோ கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, "நான் இன்னும் பொறக்கவே இல்லன்னு எழுதிக்கம்மா" என்றான். அதையும் எழுதிக்கொண்டு போனாள்.

கடைசியில் பார்த்தால் காகிதம் இல்லாதவர்களில் அவளும் ஒருத்தி. பிறப்புச் சான்று இல்லாவிட்டால் இறுதிப் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துவிட்டு என்னிடம் வந்தாள். இந்த வரிசையில் பேறு பார்க்கிறவள் நான்தான். அவளை இந்த மண்ணில் வெளியே எடுத்ததும் இந்தக் கைதான்.

பதிவு அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி ராதாமெஸ் நிமிர்ந்தே பார்க்காமல், இவள் எல்லைக்கு இந்தப் பக்கம்தான் பிறந்தாள் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டான். தொப்புள்கொடியைப் புதைத்து மேலே தென்னங்கன்று வைத்தேன், வந்து பார்த்துக்கொள் என்றேன். எங்கள் வரிசையில் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஒரு மரம் உண்டு.

"மரமெல்லாம் சாட்சி சொல்லுமா, பெரியம்மா?" என்று சிரித்தபடி நிமிர்ந்தான்.

அப்போதுதான் அந்த விடைத்த காதுகளைப் பார்த்தேன். முன்பு எங்கள் வரிசையில் இருந்த மேஸ்திரி வீட்டு எவரிஸ்தாவின் காதுகள்.

"நீ எவரிஸ்தா மகன்தானே? காலு முன்னால வந்த புள்ள. உன்னையும் நான்தான் எடுத்தேன். உங்கம்மா என்னைய இதே ஆபீசுக்குக் கூட்டியாந்து, நான் சாட்சியா கைரேகை வச்சப்புறம்தான் உன் பேரை எழுதுனாங்க. என் ரேகை இவளுக்குச் செல்லாதுன்னா உனக்கு மட்டும் எப்படிப்பா செல்லும்?"

பக்கத்து மேசைகளில் வேலை நின்றுபோனது. யுதெல்கா நோட்டைத் திறந்து, அந்த அதிகாரியுடைய மரம் எது என்று என்னைக் கேட்டாள். புளிப்பு மாமரம் என்றேன். யாரோ இருமுவதுபோல் சிரித்தார்கள்.

ராதாமெஸ் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினான். சான்றிதழ் மேலிடத்திலிருந்து வரவேண்டும், மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லி, அதுவரை பரீட்சைக்கு ஒரு கடிதம் முத்திரை குத்திக் கொடுத்தான்.

பரீட்சை எழுதிவிட்டாள். சான்றிதழ் இன்னும் வரவில்லை. நான் விட்டுவிடுவேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், மாதம் ஒருமுறை போய் அவன் முன்னால் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். போன ஞாயிறு அவனே எங்கள் வரிசைக்கு வந்தான், தன் மாமரத்தைக் காட்டச் சொல்லி. ஒரு பழத்தைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். யுதெல்கா விடவில்லை. நோட்டோடு எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

"பொறந்த எடம்?"

"இங்கதான்."

"ஆதாரம் இருக்கா, சார்?"

பாதி கடித்த மாம்பழத்தால் மரத்தைக் காட்டினான்.