என் கையால் சுட்ட ரொட்டி

முற்றத்தின் நடுவில் எங்கள் நாய் டைகர் அசையாமல் நின்றது. பின்னங்கால் ஒன்று தானாக மேலே எழுந்தது. முதுகு வளைந்தது, உடம்பெல்லாம் நடுங்க, பக்கவாட்டில் சாய்ந்தது. வாயில் நுரை இல்லை. பெயர் சொல்லி அழைத்தால் கண்ணைத் திருப்பிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் உடம்பை உதறிக்கொண்டு போனது.

"எவனோ விஷம் வச்சிட்டான்" என்றார் மாமனார்.

அறுபதுகளில் ராமநாதபுரத்திலிருந்து கப்பலேறி அந்தமானில் சௌல்தாரிக்கு வாழ வந்தவள் நான். மாமனார் மரக் கான்ட்ராக்டர், யாரையும் நம்பாதவர். என் கணவர் பெரும்பாலும் காட்டு முகாமில் இருந்தார். மாமியார் இல்லாத அந்த வீட்டில் மாமனார் சிரித்துப் பேசியது நாயிடம் மட்டும்தான். வேலிக்கு அப்பால் இருந்த, தீவிலேயே பிறந்து வளர்ந்த லோக்கல்காரரின் கோழியை டைகர் ஒருமுறை கவ்வியிருந்தது. அதனால் சந்தேகம் நேராக அவர்மேல் விழுந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டு, இந்தியில் சத்தியம் செய்தார்.

"ஜூட் போல்தா ஹை! வாயைத் தொறந்தாலே பொய்" என்று சொல்லி, மாமனார் நாயை வீட்டுக்குள் கட்டிவைத்தார்.

அரிசிக் கப்பல் தாமதமான மாதங்கள் அவை. ரேஷன் கோதுமையில் நான் சுட்ட ரொட்டிதான் எங்களுக்கும் டைகருக்கும். வெளியே போகாத நாய்க்கு அந்தக் கைகால் இழுப்பு முன்னைவிட அடிக்கடி வந்தது. மாமனார் அடுப்படி வாசலில் நாற்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். அவர் பார்வை என் விரல்களைவிட்டு நகரவில்லை.

ஒருநாள் கேட்டேவிட்டார். "உனக்கு நாயின்னாலே ஆகாதுல்ல?"

எனக்கு உடம்பு எரிந்தது. "பாதி ரொட்டியை உங்க முன்னாடியே நான் திங்கிறேன் மாமா. மீதியை அதுக்குப் போடுங்க. எனக்கு என்ன ஆகுதுன்னு பாருங்க."

அப்படியே தின்றேன், பல நாள். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நாய்தான் விழுந்தது. அரிசி வந்ததும் ரொட்டியை நிறுத்தி, சோற்றில் மீனைப் பிசைந்து போட்டேன். இழுப்பு மெல்லக் குறைந்து, பிறகு வரவேயில்லை. மாமனார் நம்பாமல் மறுபடி தம் கையாலேயே ரொட்டி கொடுத்துப் பார்த்தார். சில நாளில் டைகர் அவர் காலடியிலேயே விறைத்து விழுந்தது. அதைத் தடவியபடி வெகுநேரம் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சில நாய்களுக்குக் கோதுமை ஆகாது, தின்றால் கைகால் இழுத்துக்கொள்ளும் என்று போர்ட் பிளேரில் ஒரு கால்நடை மருத்துவர் இப்போது எனக்கு விளக்குகிறார். அன்று எங்களுக்கு அதைச் சொல்ல யாருமில்லை.

டைகர் பல வருடம் நன்றாக ஓடியாடியது. சந்தேகப்பட்டது தப்பு என்று மாமனார் பக்கத்து வீட்டுக்காரரிடமோ என்னிடமோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, தாம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் எனக்கும் ஒரு தட்டு வைக்கச் சொல்வார். அன்று ரொட்டி தின்றபோது பார்த்ததுபோலவே பார்த்திருந்து, நான் முதல் வாய் விழுங்கிய பிறகே சோற்றில் கை வைப்பார். என் கணவர் அதைப் பாசம் என்றே கடைசிவரை நினைத்திருந்தார்.