திங்கட்கிழமைப் பள்ளம்

வேலூரில் ஒரு நர்ஸுக்கு மகளாகப் பிறந்து, அங்கேயே ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாகி, ஜோஸ் வாத்தியாரைக் கட்டிக்கொண்டு ஆம்பூரில் குடியேறிய ஜெயசீலிக்கு, எது தன் ஊர் என்பதிலேயே குழப்பம். 1997இல் பிடித்துக்கொண்ட குழப்பம் வேறு ரகம்.

அப்போது அவள் பகுதி நேரமாக பிஎச்.டி. செய்துகொண்டிருந்தாள். அடுத்த வருடம் டிசம்பருக்குள் முடிக்காவிட்டால் பதிவு காலாவதி. பட்டம் இல்லாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. எடுத்துக்கொண்ட பொருள் மீக்கடத்தி. நன்றாகக் குளிர வைத்தால் மின்சாரத்துக்குத் தடையே காட்டாத சரக்கு. அதற்குள் எலக்ட்ரான்கள் என்ன செய்கின்றன என்று வெளிநாட்டில் அணு அணுவாகத் தடவிப் பார்க்கும் மைக்ராஸ்கோப் வைத்து ஆராய்ந்தார்கள். இவளிடம் இருந்தது கூராகச் சீவிய வெள்ளிக் கம்பியும், அதை அந்த மீக்கடத்தியின் கறுப்பு வில்லைமேல் மெல்ல இறக்க ஒரு திருகும்தான். குளிருக்கு, மாட்டு ஆஸ்பத்திரியில் காளை விந்தைப் பாதுகாக்கும் அதே திரவ நைட்ரஜன். கேன் வந்து இறங்கும் நாளில் சக ஆசிரியைகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

கம்பி வழியே மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி வரைந்தால் படத்தின் நடுவில் ஒரு பள்ளம் விழும். எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்ததற்கு அதுதான் அடையாளம். மைனஸ் நூற்றறுபது டிகிரியைத் தாண்டிச் சூடேற்றினால் ஜோடி பிரிந்து பள்ளம் மறைய வேண்டும். மற்ற நாட்களில் ஒழுங்காக மறைந்தது. திங்கட்கிழமைகளில் மட்டும் அசையாமல் நின்றது.

திருகை மாற்றினாள். வெப்பமானியை மாற்றினாள். ஒயர்களை எல்லாம் பிடுங்கித் திரும்பச் சொருகினாள். திங்கட்கிழமை வந்தால் பள்ளமும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. நெறியாளர் இன்பசேகரனுக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

"இது தப்பு இல்லம்மா. வெளிநாட்ல இப்ப இதைத்தான் பேசிக்கிறாங்க. சூடு ஏறின பிறகும் பள்ளம் கொஞ்சம் தங்குதாம். நமக்கும் தங்குது. அஞ்சாவது அத்தியாயமே இதுதான்."

"திங்கக்கிழமை மட்டும் ஏன் சார் தங்குது?"

"ஞாயித்துக்கிழமை ரெஸ்ட் எடுத்துட்டு வர்றே. கை நடுங்காம இறக்குறே."

கோயில், துணி துவைப்பு, வாரத்துக்கான மாவு, அதற்கு நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பி சீவுவது என்று போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு ரெஸ்ட் என்று பெயர் வைத்தவரை என்ன செய்வது? ஆனாலும் எழுதினாள். நாற்பத்திரண்டு பக்கம்.

அடுத்த வருடம் ஆகஸ்டில் ஒரு ஞாயிறு, பக்கத்து வீட்டு மஹ்பூபி உறைமோர் வாங்க வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறவள். சின்னப் பொருளும் கண்ணில் படும். ஜன்னலில் திறந்து கிடந்த பிலிம் ரோல் டப்பாவை எடுத்துப் பார்த்தாள்.

"இன்னா டீச்சர், வெள்ளிக் கம்பியா இது? இவ்ளோ கருத்துக் கெடக்குது. பல்பொடி போட்டுத் தேய்ச்சா வெளுத்துடுமே."

ஆம்பூரில் வெள்ளி கறுப்பது ஒரு சேதியே இல்லை. தோல் தொழிற்சாலைத் தொட்டிகளிலிருந்து வரும் அழுகிய முட்டை வாடைக்குக் கொலுசு, குங்குமச்சிமிழ் எதுவும் தப்பாது. ஜெயசீலியே மாதம் ஒருமுறை மகளின் கொலுசைத் தேய்ப்பவள். கொலுசு கறுக்கும் ஊரில் கம்பி மட்டும் எப்படி வெளுப்பாக இருக்கும் என்று, இத்தனை படித்தவளுக்குத் தோன்றவே இல்லை. மற்ற நாட்களில் அவள் கம்பி சீவியது வேலூரில், கல்லூரியில். திங்கட்கிழமை அளந்தது மட்டும் ஞாயிறன்று இங்கே வீட்டில் சீவிய கம்பியில்.

பள்ளம் அந்தக் கறுப்பால் விழுகிறதா என்று சோதித்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை. கறுத்த கம்பியை மீக்கடத்திக்குப் பதில் சாதாரணச் செம்பில் வைத்துப் பார்த்தால் போதும். அந்தப் பத்து நிமிடத்தை அவள் மூன்று வாரம் தள்ளிப்போட்டாள். பயம்தான், வேறென்ன. கடைசியில் வைத்தாள். ஜோடி சேர எதுவுமே இல்லாத செம்பிலும் பள்ளம் விழுந்தது.

இன்பசேகரன் படத்தைப் பார்த்துவிட்டு மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதை நீ எனக்குக் காட்டலைன்னே வெச்சிக்கிறேன். யாரும்மா ஆம்பூர் வந்து பாக்கப் போறாங்க?"

"நான் பாத்துட்டனே சார்."

ஐந்தாம் அத்தியாயத்தை ஆய்வேட்டிலிருந்து நீக்கினாள், டிசம்பரில் பதிவு காலாவதியாயிற்று. மறுபடி பணம் கட்டிப் பதிந்தாள். தங்கம் கறுக்காது என்று வேலூர் லாங் பஜாரில் ஒரு நகைக்கடையில் முடி கனத்துக்குத் தங்கக் கம்பி இழுக்கச் சொன்னாள். என்ன நகைக்கு என்று கேட்டார் கடைக்காரர். மூக்குத்தி என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்தாள்.

தங்கத்தில் தெளிவு பிறக்கும் என்று நம்பினாள், பாவம். சூடேற்றிய பிறகு சில நாள் லேசாக ஒரு பள்ளம் தெரிந்தது. சில நாள் துடைத்துவிட்டாற்போல் காணவில்லை. கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாலு வருடம் அளந்தும் பிடி கிடைக்காமல், எல்லாப் படங்களையும் அப்படியே ஒட்டி எழுதிக் கொடுத்தாள். அதுவரை நிரந்தரமில்லாத சம்பளம்தான். அவளுக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். அதில் அவளுக்கு வருத்தம் உண்டு.

2003இல் வாய்மொழித் தேர்வு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"சூடான பிறகு பள்ளம் இருக்கா, இல்லையா?"

"தெரியலை சார்."

"இத்தனை வருஷம் பண்ணிட்டு, தெரியலைன்னா எழுதியிருக்கீங்க?"

"ஆமா சார். முன்னாடி, தெரியும்னு எழுதி வெச்சிருந்தேன்."